சாங்கியில் மீனும் சிப்ஸும்

நெதரேவன், கிரான்வெல், ஹால்ட்டன், ஆண்டோவர், ஃபார்ன்பரோ, மார்ட்டில்ஷம். இவை நம் சாங்கி முனைப் பக்கம் உள்ள தெருக்களின் பெயர்கள். வானொலியில் தோ பாயோவையும் சுவா சூ காங்கையும் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன். மார்ட்டில்ஷம் வந்தால் மட்டும் நாக்கு ஒருமுறை யோசிக்கும்.

இங்கிலாந்து வரைபடத்தை எடுத்தால் இந்தப் பெயர்கள் எல்லாம் அங்கே இருக்கும். நெதரேவன் வில்ட்ஷயரில் ஒரு கிராமம். கிரான்வெல் லிங்கன்ஷயரில், ஹால்ட்டன் பக்கிங்ஹம்ஷயரில். பிரிட்டிஷ் விமானப் படைக்குத் தளமோ பயிற்சிப் பள்ளியோ இருந்த ஊர்கள் இவை. சாங்கிக்கு வந்த படையினர், ஊரில் விட்டுவந்த பெயர்களைக் கொண்டுவந்து இங்கே மழைமரங்களுக்கு நடுவே பலகையில் எழுதி நட்டுவிட்டார்கள்.

பெயர் வந்தது சரி. ஆங்கிலக் கிராமத்தின் நடுவில் தேவாலயத்துக்கு அடுத்தபடியாக இருக்கும் ஒன்று உண்டே, 'பப்', அதுவும் கூடவே வந்ததா? அதைத் தேடித்தான் போன மாதம் அப்பா, அம்மாவோடு சாங்கி கிராமத்துக்குப் போனேன்.

பப் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். ஊடகப் படிப்புக்காக ஓராண்டு இங்கிலாந்தில் இருந்தபோது எனக்கும் அந்தச் சொல் என்றால் இருட்டு, சத்தம், சண்டை என்றுதான் மனதில் இருந்தது. டார்பிஷயர் மலைப்பக்கம் நண்பர்களோடு நடக்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை அது மாறியது. நான்கு மணி நேரம் சேற்றில் நடந்து, காது விறைத்துப்போய் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தோம். தாழ்ந்த கூரை, கல் சுவர், உள்ளே கணப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. ஒரு மேசையில் பாட்டியும் பேரனும். மேசைக்கடியில் நாய். மூலையில் ஒரு பெரியவர் தனியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் முறைக்கவில்லை. சேற்றுச் சப்பாத்தைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கே சாப்பிடுவதற்கென்று சில பழக்கங்கள் உண்டு. பணியாளர் மேசைக்கு வந்து கேட்பார் என்று காத்திருந்தால் மாலைவரை காத்திருக்கலாம். நாம்தான் எழுந்துபோய், முகப்பில் நின்று, மேசை எண்ணைச் சொல்லி, காசு கொடுத்துவிட்டு வர வேண்டும். வரிசை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யாருக்குப் பின் யார் என்பது அங்கே நிற்கும் எல்லாருக்கும் தெரியும். நண்பர்கள் கூட்டமாக வந்தால் ஆளுக்கு ஒரு சுற்று வாங்கிக் கொடுப்பார்கள். நம் ஊர் 'பெலாஞ்சா'தான், ஆனால் முறை வைத்து. மதியச் சமையலைப் பல பப்களில் இரண்டரை மணிக்கே நிறுத்திவிடுவார்கள். 2.35க்குப் போய் நின்றால் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல்தான் கிடைக்கும், எவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை என்றால் ரோஸ்ட். வாட்டிய இறைச்சித் துண்டுகள், அதே கொழுப்பில் வறுத்த உருளைக்கிழங்கு, வேகவைத்த காய்கறி, யார்க்‌ஷயர் புட்டிங். இந்தப் புட்டிங் இனிப்பு இல்லை. மாவும் முட்டையும் பாலும் சேர்ந்து அடுப்பில் உப்பி வரும் ஒரு கிண்ணம். எல்லாவற்றின் மேலும் பழுப்பு நிறத்தில் கிரேவி. உப்பு குறைவு, காரம் சுத்தமாகக் கிடையாது. ஆனால் அந்தக் குளிரில், அந்தக் கணப்பின் பக்கத்தில், நான் தட்டை வழித்துத்தான் வைத்தேன்.

இதெல்லாம் ஏதோ ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர்ப்பலகை வேண்டுமானால் பழசு. மது விற்கும் இடங்கள் வாசலில் அடையாளப் பலகை மாட்ட வேண்டும் என்று மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் 1393இல் உத்தரவிட்டார். எழுத்துத் தெரியாத மக்களுக்குச் சிங்கமும் கிரீடமும் வரைந்த படம் புரியும். சாப்பாடு அப்படியில்லை. ரொட்டி, சீஸ், ஊறவைத்த வெங்காயம் சேர்ந்த 'உழவர் மதிய உணவு' என்ற தட்டு 1950, 60களில் சீஸ் விற்பனையைப் பெருக்க நடந்த விளம்பரத்தால்தான் அந்தப் பெயரில் நாடு முழுக்கப் பரவியது. 1967இல், ஓட்டுநரை ஊதச் சொல்லிக் குடியைச் சோதிக்கும் சட்டம் வந்தது. காரில் மட்டுமே போகக்கூடிய கிராமத்துப் பப்கள் பிழைக்க வேண்டுமானால் சாப்பாட்டைக் கவனித்தாக வேண்டும் என்றாயிற்று. 2007இல் இங்கிலாந்தில் உள்ளே புகைபிடிப்பதற்கும் தடை வந்தபின் குழந்தை குட்டிகளோடு வருவோர் இன்னும் கூடினர். ஆக, குடும்பம் உட்கார்ந்து சாப்பிடும் பப் என்பது பெரும்பாலும் நம் அப்பா, அம்மா காலத்து விஷயம்.

என் அப்பாவுக்கு இந்த வரலாறெல்லாம் தேவையில்லை. "பீர் இருக்கிற இடத்துல குடும்பத்துக்கு என்னப்பா வேலை?" என்பார். அதற்கு அவரிடம் காரணம் இருக்கிறது.

தாத்தா சாங்கி விமானப் படைத் தளத்தின் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவர். பாத்திரம் கழுவுவார், உருளைக்கிழங்கு சீவுவார், ஆள் குறைந்தால் தட்டுத் தூக்குவார். பின்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியே வருவார். அவர் வைத்த தட்டின் முன்னால் அவர் உட்கார்ந்ததில்லை. அவருக்கென்று இருந்த இடம் கள்ளுக்கடை. ஆங்கிலேய ஆட்சியில் அரசு உரிமத்தோடு நடந்த கடைகள் அவை. தமிழ்த் தொழிலாளிகளுக்கு என்று ஒதுக்கப்பட்ட 'பப்' என்றால் அதுதான். உட்கார ஒழுங்கான மேசை கிடையாது, வயிற்றுக்குச் சாப்பாடு கிடையாது, பெண்களும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது. 1930களிலேயே தமிழர் சீர்திருத்தச் சங்கம் கள்ளுக்கு எதிராகக் குரல் கொடுத்தது, சும்மா இல்லை. சம்பள நாளில் தாத்தா எத்தனை மணிக்கு வருவார், எப்படி வருவார் என்று வாசலில் காத்திருந்த பையன் என் அப்பா.

அந்தப் பையனைத்தான் எழுபது வயதில் 2ஆம் எண் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனேன்.

தானா மேரா நிலையத்தில் ஏறினால் வழியிலேயே பாதி வரலாறு வந்துவிடும். அப்பர் சாங்கி சாலை நார்த்தில் சாங்கிச் சிறையின் பழைய வாயிலும் சுவரின் ஒரு பகுதியும் இன்னும் நிற்கின்றன. 1936இல் கட்டிய சிறை அது; 2016 முதல் வாயிலும் சுவரும் தேசிய நினைவுச் சின்னம். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. இரண்டு நாள் கழித்து பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படையினர் சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட, இந்தியப் படையினர் தனியாகப் பிரிக்கப்பட்டு ஃபேரர் பார்க்கில், அதாவது நம் தேக்காவுக்குப் பக்கத்தில், திரட்டப்பட்டார்கள். அங்கிருந்துதான் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள்.

சிறைக்குள் அடைக்கப்பட்டவர்களில் படையினர் அல்லாத ஐரோப்பியர்களும் இருந்தார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. கனடாவைச் சேர்ந்த எத்தல் முல்வனி என்ற பெண்மணியும் ஒருவர். பசி தாங்காதபோது அந்தப் பெண்கள் கூடி உட்கார்ந்து, இல்லாத விருந்தைக் கற்பனையில் சமைப்பார்கள். ரோஸ்ட் எப்படிச் செய்வது, பையின் மாவை எப்படிப் பிசைவது என்று ஒருவர் சொல்ல, குறிப்பு எழுதிவைத்தார்கள். போர் முடிந்ததும் 1946இல் முல்வனி அந்தக் குறிப்புகளைப் புத்தகமாக அச்சிட்டு விற்றார். வந்த பணத்தில் மருத்துவமனைகளில் கிடந்த முன்னாள் போர்க் கைதிகளுக்கு ஆரஞ்சுப் பழங்களும் வேறு பொருட்களும் வாங்கி அனுப்பினார். ஆங்கிலக் கிராமத்துச் சாப்பாட்டை சாங்கியில் மிகுந்த ருசியோடு சாப்பிட்டவர்கள் இவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும். தட்டில் எதுவும் இல்லாமலேயே சாப்பிட்டார்கள்.

போருக்குப் பின் விமானப் படை வந்தது, குடும்பங்கள் வந்தன, சாங்கி கிராமத்தில் தையல்கடைகளும் மதுக்கூடங்களும் வந்தன. தளத்தைச் சுற்றி வேலை பார்த்த இந்தியர்களும் இங்கேயே குடியிருந்தார்கள். 1946இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் உதவியோடு அமைந்த ஸ்ரீ ராமர் ஆலயம் அவர்களுடைய அடையாளம். இன்றும் சாங்கி வில்லேஜ் சாலையில் மரநிழலில் இருக்கிறது. உள்ளே புத்தரும் குவான் யின் அம்மனும் உண்டு. நாங்கள் போன அன்று ராமரை வணங்கிவிட்டு ஒரு சீனப் பாட்டி வெளியே வந்து அம்மாவிடம் "சாப்பிட்டாச்சா?" என்று மலாயில் கேட்டுவிட்டுப் போனார்.

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளைத் திரும்ப அழைக்கப்போவதாக அறிவித்தது. நாட்டின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சார்ந்திருந்த நேரம். 1971இல் சாங்கித் தளம் காலியானது. தாத்தாவுக்கு ஒரு சான்றிதழும் கடைசிச் சம்பளமும் கிடைத்தன. அதே 1971இல் நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் அயர்லாந்தில் விடுமுறையில் இருந்தபோது, 'நம் ஊர்ப் பப்களில் பழைய முறை பீர் அழிகிறதே' என்று கவலைப்பட்டு ஓர் இயக்கம் தொடங்கினார்கள். இன்று பிரிட்டனின் பெரிய நுகர்வோர் அமைப்புகளில் அதுவும் ஒன்று.

படை போய்விட்டது, சமையல் போகவில்லை. இதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியது ஹைனானியர்களுக்கு. சீனாவிலிருந்து மற்றவர்களுக்குப் பிந்தி வந்த அவர்களுக்கு நல்ல தொழில்கள் மிச்சமில்லை. ஆங்கிலேயர் வீடுகளிலும் முகாம்களிலும் சமையல்காரர்களாகப் போனார்கள். ரோஸ்டும் சாப்பும் கற்றார்கள். ஆனால் கற்றபடி விட்டுவிடவில்லை. பிஸ்கட்டைப் பொடித்து இறைச்சியில் புரட்டிப் பொரித்தார்கள், தக்காளிச் சாறில் பச்சைப் பட்டாணி போட்டார்கள். படையினர் கிளம்பியதும் அந்தக் கை காப்பிக்கடைகளுக்கும் உணவங்காடிகளுக்கும் வந்தது. நம் உணவங்காடி நிலையங்களில் 'மேற்கத்திய உணவு' என்று போட்டிருக்கும் கடையில் சிக்கன் சாப், பொரித்த மீன், சிப்ஸ், அவித்த பீன்ஸ், கோல்ஸ்லா என்று ஒரே தட்டில் வருகிறதே, இங்கிலாந்தில் எந்தப் பப்பிலும் அந்தத் தட்டு கிடைக்காது. ஆனால் அங்கிருந்து கிளம்பி வந்த தட்டுதான். ரொட்டி ஜானும் அப்படியே. ஆங்கிலேயர் ஒருவர் ஹாம்பர்கர் கேட்க, மலாய்க் கடைக்காரர் நீள ரொட்டியில் முட்டையும் கறியும் வெங்காயமும் சேர்த்துச் சுட்டுக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரர் எல்லாரும் 'ஜான்'தானே நமக்கு!

சாங்கி கிராம உணவங்காடி நிலையம் அடக்கமான வீவக புளோக்குகளின் அடியில் இருக்கிறது. சிறிது நடந்தால் படகுத்துறை. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் உபின் தீவுக்குப் படகு கிளம்பும். அதனால் சைக்கிளோடு வியர்த்து வந்தவர்கள், தூண்டிலோடு வந்தவர்கள், விமான நிலையத்தில் பணி முடிந்த சீருடைக்காரர்கள், தேசிய சேவைப் பையன்கள் எல்லாரும் இங்கேதான் வந்து விழுவார்கள். டார்பிஷயரில் சேற்றுச் சப்பாத்து. இங்கே மணல் ஒட்டிய செருப்பு. தலைக்கு மேல் விமானம் போனால் பேச்சு அரை வாக்கியத்தில் நிற்கும், போனதும் அதே இடத்தில் தொடரும்.

பெரிய வரிசை நாசி லெமாக் கடைகளில்தான். தேங்காய்ப்பால் சோறு, பொரித்த கோழி இறக்கை, நெத்திலி, சம்பால். வரிசையில் நிற்க அம்மாவுக்குப் பிடிக்கும், பேச ஆள் கிடைக்கும் என்பதால். அவரை அங்கே விட்டுவிட்டு நானும் அப்பாவும் மேசை தேடினோம். டிஷ்யூ பொட்டலம் வைத்துப் பிடித்த மேசைகள் போக ஒன்றுதான் இருந்தது. பக்கத்து மேசையில் மூன்று பேர், நடுவில் பெரிய பீர் பாட்டில், ஐஸ் வாளி. அப்பா நின்றார்.

"வேற எடம் பாரேன்."

வேறு இடம் இல்லை. அப்பா நாற்காலியை அந்த மேசையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் எலுமிச்சைச் சாறு வாங்கினேன், அவருக்கு தே ஓ கொசோங். அவர் இருக்கும்போது நான் பீர் வாங்குவதில்லை, அன்றைக்கும் வாங்கவில்லை.

பத்து நிமிடத்தில் அந்த மூவரில் ஒருவரின் மனைவி ரோஜாக் தட்டோடு வந்தார், பின்னாலேயே பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. சிறுமி புத்தகத்தை விரித்து, பீர் பாட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தாள். அப்பன்காரர் ஒரு கையில் கண்ணாடிக் குவளையோடு வகுத்தல் சொல்லிக்கொடுத்தார், தப்பாக. சிறுமி திருத்தினாள். அப்பா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு அப்போது தேக்கா ஞாபகம் வந்தது. 2013 டிசம்பர் 8ஆம் தேதிக் கலவரத்துக்குப் பின், 2015 ஏப்ரல் முதல் தீவு முழுக்க இரவு 10.30க்குமேல் பொது இடத்தில் குடிக்கத் தடை. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் இன்னும் கடுமை: சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணிவரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது. உரிமம் உள்ள கடையில் உட்கார்ந்து குடிக்கலாம். புல்வெளியில் உட்கார்ந்த தொழிலாளி கேனைத் திறந்தால் குற்றம். கலவரத்தைப் பார்த்த வட்டாரத்துக்காரர்கள் அந்தச் சட்டத்தை வரவேற்றார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் விடுப்பில் வரும் ஒருவருக்கு, நண்பர்களோடு சாப்பாட்டின் முன் உட்கார எத்தனை மேசைகளை நாம் போட்டிருக்கிறோம் என்றும் கேட்கத்தான் வேண்டும். தாத்தாவுக்கும் அது கிடைக்கவில்லை.

ஆங்கிலக் கிராமங்களில் இப்போது பப்கள் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் மூடப்படுகின்றன. சில ஊர்கள் சும்மா விடவில்லை. கம்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சிற்றூரின் 'ஓல்ட் கிரவுன்' பப்பை 2003இல் ஊர்க்காரர்களே பங்கு போட்டு வாங்கினார்கள். நம் உணவங்காடிகள் அரசின் பராமரிப்பில் இருப்பதால் அந்தக் கவலை குறைவு. நமக்குள்ள கவலை அடுப்படியில் நிற்கும் கை. நம் உணவங்காடிக் கலாசாரம் 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கடைக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அறுபதைத் தொட்டவர்கள். எங்களுக்கு மீன் பொரித்துக் கொடுத்த அங்கிளிடம் "பிள்ளைகள் கடைக்கு வருவார்களா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே எண்ணெயை வடித்தார். "அவன் கணினி வேலை. குளிர்சாதன அறை," என்றார்.

மீன் வந்தது. தடித்த மாவு, உள்ளே வெள்ளைச் சதை, சிப்ஸ் சூடாக. டார்பிஷயரில் சாப்பிட்டதைவிட மாவு மொறுமொறுப்பு, மீன் கொஞ்சம் சிறிசு. பக்கத்தில் மிளகாய் சாஸும் தக்காளி சாஸும். அப்பா ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தார். மென்றார். பிறகு தட்டில் எதையோ தேடினார்.

"வினிகர் இல்லையா?"

அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வீட்டில் வினிகர் வாங்கியதாக எனக்கு நினைவே இல்லை.

"வெள்ளைக்காரன் இதுமேல வினிகர்தான் ஊத்துவான். அப்பா வீட்டுக்கு வந்தா சட்டையெல்லாம் அந்த வாடைதான். கள்ளு வாடைக்கு முன்னாடி அந்த வாடைதான் வரும்," என்றார். தாத்தாவைப் பற்றி அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மிச்சமான சிப்ஸைத் தாத்தா செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவருவாராம். ஆறிப்போய், எண்ணெய் ஊறி, புளிப்பாக இருக்குமாம். நான்கு பிள்ளைகள் எண்ணிப் பிரித்துக்கொள்வார்களாம்.

மீன் கடையில் வினிகர் இல்லை. அப்பா எழுந்து, அந்த பீர் மேசையைக் கடந்து, நூடல்ஸ் கடைக்குப் போனார். அங்கே வினிகரில் ஊறவைத்த பச்சை மிளகாய் சின்னத் தட்டில் இருக்குமே, அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். மிளகாயைக் கரண்டியால் ஒதுக்கிப் பிடித்து, சாறை மட்டும் சிப்ஸ் மேல் ஊற்றினார். ஒன்றைத் தின்று பார்த்தார். இன்னொன்றை அம்மாவிடம் நீட்டினார்.

"காரமா இருக்கே," என்றார் அம்மா.

"அப்ப இல்ல. இப்ப இருக்கு," என்று சொல்லிவிட்டு அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.